கணினிக்குள் ஏறாத பந்தி

எங்கள் வீட்டு டிவிக்கு அடியில் ஒரு கறுப்புப் பெட்டி உட்கார்ந்திருக்கிறது. குட்டிக் கணினி, டிபன் டப்பா அளவுதான் இருக்கும். அதற்கு என் வீட்டுக்காரர் கொடுக்கிற மரியாதையைத் தன் அப்பா உயிரோடு இருந்தபோது அவருக்குக் கொடுத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அதன் பக்கத்தில் தண்ணீர்ச் சொம்பு வைக்கக் கூடாது. மேலே துணி போடக் கூடாது, சூடாகுமாம். அதைத் துடைக்க ஒரு தனித் துணி உண்டு; அந்தத் துணியைத் துவைக்க என்னை விட்டால் ஆள் கிடையாது. யார் வீட்டுக்கு வந்தாலும் காப்பிக்கு முன்னால் அந்தப் பெட்டியின் பெருமை வந்துவிடும். "இதுக்குள்ள நம்மூட்டு டிவிடி பூராவும் இருக்குதுங்க" என்பார். வந்தவர்களும், காப்பி இன்னும் வரவில்லையே என்று, "அப்படீங்களா" என்பார்கள்.

பூராவும் இல்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அவருக்கு பம்ப்செட் கம்பெனியில் பரிசோதனைப் பிரிவில் வேலை. மோட்டார் சரியாக ஓடுகிறதா என்று பார்த்து முத்திரை குத்துவது. ஓய்வு பெற்ற பிறகு முத்திரை குத்த மோட்டார் கிடைக்காமல் என்னைப் பரிசோதிக்க ஆரம்பித்தார். குக்கருக்கு எதற்கு இத்தனை விசில், ஃபிரிட்ஜ் கதவை ஏன் இவ்வளவு நேரம் திறந்து வைத்திருக்கிறாய், மாவு ஏன் புளித்தது. சிங்காநல்லூரில் இருக்கும் எல்லா வீட்டு மாவும் புளிக்கத்தான் செய்கிறது என்று சொன்னால், "காரணம் கண்டுபுடிக்கோணும் அம்மணி" என்பார். அதனால் இந்தப் பெட்டி வந்த அன்று, உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இனி சமையலறைப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார் என்று நம்பினேன்.

அவருடைய டிவிடிகள் ஹாலில் ஒரு கண்ணாடி அலமாரி நிறைய இருந்தன. பழைய படம், சண்டைப் படம், இங்கிலீஷ் படம், சாமிப் பாட்டு, வீட்டிலேயே யோகா கற்றுக்கொள்வது எப்படி என்று ஒன்று. அந்த யோகா டிவிடியின் மேல் சுற்றியிருந்த கண்ணாடித்தாள் பெட்டிக்குள் ஏறும் நாள்வரை கிழியவே இல்லை. அவர் தொப்பையைப் பார்த்தாலே அது தெரிந்துவிடும். "எல்லாமே ஒரிஜினலுங்க, ஒண்ணுகூடத் திருட்டு டிஸ்க் கெடையாது" என்று மார்தட்டுவார். சரி, எத்தனை படம் பார்த்தீர்கள் என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. சேர்ப்பதோடு அவர் வேலை முடிந்தது. அடித்தட்டில் எங்கள் வீட்டு விசேஷங்கள் இருந்தன: கேசட்டிலிருந்து மாற்றிய எங்கள் கல்யாணம், பெண்ணுக்குக் காது குத்தியது, இந்த வீட்டின் புதுமனைப் புகுவிழா.

ஒருநாள் அலமாரி முன்னால் நின்றுகொண்டு, ஏதோ சாவு வீட்டில் நிற்பவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

"டிஸ்க்கெல்லாம் பூஞ்சை புடிக்க ஆரம்பிச்சிருச்சு அம்மணி. இப்பவே பெட்டிக்குள்ள ஏத்திப்போட்டா சாகற வரைக்கும் கவலையில்ல."

"யாரு சாகற வரைக்கும்ங்க?"

அடுத்த நாளே திருவிழா தொடங்கிவிட்டது. காலையில் குளித்து, திருநீறு பூசி, டிவி முன்னால் நாற்காலியைப் போட்டு உட்காருவார். ஒவ்வொரு டிஸ்க்கையும் எடுத்து, குழந்தைக்கு மூக்குச் சிந்திவிடுவது போல அவ்வளவு பதமாகத் துடைத்து, வெளியில் செருகியிருக்கும் ஒரு சின்னத் தட்டில் வைப்பார். அது உள்ளே போய் உர்ரென்று சுற்றும். திரையில் ஒரு பச்சைக் கோடு நத்தை மாதிரி நகரும். அதை இவர் பார்த்துக்கொண்டே இருப்பார். படத்தைப் பார்க்கப் பொறுமை இல்லாத மனிதர், படம் ஏறுவதைப் பார்க்க நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். "பாதி ஆயிருச்சு அம்மணி!" என்று சமையலறைக்குக் குரல் கொடுப்பார். நான் என்ன குலவையா போட முடியும்?

யூட்யூபில் யாரோ ஒருவர் சொல்லிக்கொடுத்த பாடம்தான் இவருக்கு வேதம். அந்தப் புண்ணியவான் ஒரு வழி சொல்லியிருக்கிறார். ஒரு டிஸ்க்குக்குள் பல துண்டுகள் இருக்குமாம். விளம்பரம், எச்சரிக்கை, முன்னோட்டம் என்று. அதையெல்லாம் ஏற்றினால் இடம் வீண். அதனால் எந்தத் துண்டு மிக நீளமோ அதை மட்டும் எடு என்று மென்பொருளுக்கு ஒருமுறை சொல்லிவிட்டால் போதும், அதுபாட்டுக்குச் செய்துவிடும். "பெரிய துண்டு மட்டும்தான் படம். மத்ததெல்லாம் குப்பை" என்று எனக்கு விளக்கினார். பரிசோதனைப் பிரிவில் காலம் தள்ளிய மனிதர், ஏறின எதையும் திறந்து பரிசோதிக்கவில்லை. அதை நான் கேட்டபோது, "மெசினு தப்புப் பண்ணாது" என்று ஒரே போடாகப் போட்டார்.

மெஷின் பண்ணிய அழகைச் சொல்கிறேன், கேளுங்கள். இங்கிலீஷ் படங்களில் பாதி இப்போது எங்கள் வீட்டில் தெலுங்கு பேசுகின்றன. எந்தக் குரலை எடுப்பது என்று இவர் மென்பொருளுக்குச் சொல்லவில்லை, அது கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டது. ஒரு சண்டைப் படத்தில் படம் ஓடிக்கொண்டிருக்க, அதை எடுத்தவரே பின்னால் உட்கார்ந்து, இந்த இடத்தில் மழை வந்துவிட்டது, அந்த இடத்தில் குதிரை மிரண்டுவிட்டது என்று கடைசிவரை பேசிக்கொண்டிருக்கிறார். இன்னொரு கூத்து. இந்தப் பெட்டி ஒவ்வொன்றுக்கும் தானாகவே நெட்டில் தேடி அட்டைப்படம் போட்டு அடுக்குமாம். எங்கள் புதுமனைப் புகுவிழாவுக்கு அது தேடி எடுத்துப் போட்டது ஒரு வெள்ளைக்காரப் பேய் பங்களா. பெண்ணுக்குக் காது குத்தியதற்கு ரத்தம் சொட்டுகிற கத்தி. பக்கத்து வீட்டம்மா அதைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் புள்ளைங்க பாக்கறாங்களா?" என்று என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ஏற்றி முடித்ததும் டிஸ்க்குகள் அவருக்கு ஆகாமல் போய்விட்டன. "ஒரு ஓரமா இருக்கட்டுமேங்க" என்றேன். "பேக்கப் எடுத்தாச்சுன்னா எடுத்தாச்சு. பொறகு எதுக்கு எடத்த அடைச்சுட்டு?" என்றார். அந்தச் சமயம் பார்த்து வெள்ளகோவிலிலிருந்து அவருடைய அக்கா போன் செய்தார். நான் அவரை நங்கையா என்று கூப்பிடுவேன். அவர் காட்டில் மக்காச்சோளம் முளைத்திருந்தது, மயில்கள் கூட்டமாக வந்து முளையைப் பிடுங்கித் தின்றுகொண்டிருந்தன. பழைய டிஸ்க்கைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால் வெயிலில் பளிச்சென்று அடித்து மயில் மிரளும் என்று அந்தப் பக்கம் எல்லோரும் செய்வதுதான். இவர் அலமாரியை அப்படியே ஒரு சாக்கில் கொட்டி வெள்ளகோவில் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தார். ஒரிஜினல், ஒரிஜினல் என்று தூக்கிவைத்துக் கொண்டாடியதெல்லாம் சோளக்காட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

இதுவரைக்கும் நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். எங்கள் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமான பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

எனக்கு ஒரே ஒரு அண்ணன். உடுமலைப்பேட்டையில் தென்னந்தோப்பு வைத்திருக்கிறார். எங்கள் புதுமனைப் புகுவிழாவுக்குத் தாய்வீட்டுச் சீர்த்தட்டு எடுத்துக்கொண்டு வந்தவர், சாப்பிடாமல் போய்விட்டார். எங்கள் பக்கத்தில் ஒரு விசேஷ வீட்டில் கை நனைக்காமல் போவது சாதாரண விஷயம் இல்லை. அன்று மாலையே நான் போன் செய்து கேட்டேன். "பந்தீல உக்காந்தேன் அம்மணி. எந்திரிக்கச் சொன்னாங்க. எந்திரிச்சு வந்துட்டேன்" என்றார். எழச் சொன்னது யார் என்று கேட்டதற்கு, நங்கையாவின் வீட்டுக்காரர் என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை அவரிடமிருந்து வரவில்லை.

இவர்கள் வீட்டில் கதையே வேறு. "யாரும் எந்திரிக்கச் சொல்லல. உங்கண்ணனுக்கு மொதப் பந்தீல நடு எலை கெடைக்கலைன்னு கோவம். அவராத்தான் எந்திரிச்சுப் போனாரு. போய்ட்டு எங்கூட்டுக்காரரு மேல பழியப் போடறாரு" என்று நங்கையா சொன்னார். சொன்னார் என்ன, ஒவ்வொரு நோம்பி பண்டிகைக்கும், ஒவ்வொரு கல்யாண வீட்டிலும், நாலு பேர் இருக்கிற இடம் பார்த்துச் சொன்னார். நான் என் வீட்டுக்காரரைக் கேட்டேன். "நான் வாசல்ல வந்தவங்களக் கவனிச்சுட்டு இருந்தேன். பந்திப் பக்கமே போகல" என்றார். அப்போது பெண் ஒன்றாம் வகுப்பில் இருந்தாள். இப்போது அவள் வேலைக்குப் போய், மாப்பிள்ளையும் பார்த்தாகிவிட்டது. இவ்வளவு காலமும் என் அண்ணன் எங்கள் வாசல்படி மிதிக்கவில்லை. பொய் சொன்னவன் தங்கை என்ற பெயரோடு நான் இந்த வீட்டில் எல்லாருக்கும் பரிமாறிக்கொண்டிருந்தேன்.

தாய்மாமன் இல்லாமல் எங்கள் ஊரில் கல்யாணம் இல்லை. மாமன் சீர் வேண்டும், மேடையில் மாமன் நிற்க வேண்டும். நங்கையா கறாராகச் சொல்லிவிட்டார்: "வரட்டுங் கண்ணு, யாரு வேண்டாம்னா? நாலு பேரு முன்னால, தப்புதாங்கன்னு எங்கூட்டுக்காரருகிட்டச் சொல்லிப்போட்டு வரட்டும்." அண்ணனிடம் நான் கெஞ்சினேன். "செய்யாத தப்புக்கு எப்படி அம்மணி தப்புன்னு சொல்றது? சீர அனுப்பி வெக்கறேன். நான் வரல" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அந்த நிதானம்தான் என்னை அறுத்தது. சீர்த்தட்டு வரும், அதைத் தூக்கிவர என் அண்ணன் இருக்க மாட்டார். என் பெண் மாமன் இல்லாத பெண்ணாக மணவறையில் நிற்க வேண்டும்.

அப்போதுதான் எனக்கு அந்த வெளிச்சம் ஞாபகம் வந்தது.

அந்தக் காலத்து வீடியோக்காரர்கள் பந்தியை விட மாட்டார்கள். ஒருவர் தலைக்குமேல் விளக்கைத் தூக்கிப் பிடிக்க, இன்னொருவர் கேமராவை வைத்துக்கொண்டு இலை இலையாக வருவார். வாயில் கவளத்தோடு திருதிருவென்று முழிக்கிற முகங்களை ஒன்று விடாமல் பிடிப்பார். யாருக்கும் பிடிக்காது, யாரும் வேண்டாம் என்றும் சொல்ல மாட்டார்கள். எங்கள் முதல் பந்தியிலும் அந்த விளக்கு இலை இலையாக நகர்ந்ததை நான் சமையல்கட்டு வாசலிலிருந்து பார்த்திருக்கிறேன். டிஸ்க் வந்தபோது அண்ணனோடு உறவு அறுந்திருந்தது. அதைப் போட்டுப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. அடித்தட்டில் அப்படியே கிடந்தது.

"ஏனுங்க, நம்ம புதுமனைப் புகுவிழாவப் போடுங்க" என்றேன். பேய் பங்களாவை அழுத்தினார். ஹோமம் வந்தது, பால் பொங்கியது, வந்தவர்கள் எல்லோரும் வரிசையாக நின்று பரிசு கொடுத்தார்கள். முடிந்துவிட்டது.

"பந்தி எங்கீங்க?"

"பந்தியா? அது தனித் துண்டா இருந்திருக்கும். பெரிய துண்டு மட்டுந்தான ஏறும்." பிறகு கொஞ்சம் சிரித்துக்கொண்டே சேர்த்தார்: "தின்னதையெல்லாம் யாரு அம்மணி பாக்கப் போறாங்க?"

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கறுப்பு டப்பாவை எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் போட்டிருப்பேன். ஏழு மொழியில் வருகிற எச்சரிக்கையும் என் அண்ணன் சாப்பிட உட்கார்ந்ததும் இவருக்கு ஒன்றுதான், இரண்டும் குப்பை. "அறிவிருக்குதுங்களா உங்களுக்கு?" என்று கல்யாணமான நாளிலிருந்து முதல்முறையாக வாய்விட்டுக் கேட்டேன். அவர் முகம் சுண்டிப்போனது. நான் பையைத் தூக்கிக்கொண்டு சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். வெள்ளகோவில் போகிற முதல் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன்.

நங்கையா காட்டில் போய்ப் பார்த்தால், நல்ல கண்காட்சி. குச்சிக்குக் குச்சி கயிறு கட்டி, என் வீட்டுக்காரரின் ஆயுட்காலச் சேகரிப்பு வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. சாமிப் பாட்டு ஒரு பக்கம் சுற்றுகிறது, யோகா ஒரு பக்கம் சுற்றுகிறது. அதற்கு நேர் கீழே ஒரு மயில் நின்று, தலையைச் சாய்த்துத் தன்னைத்தானே அழகு பார்த்துவிட்டு, அடுத்த போகத்து முளை ஒன்றைப் பிடுங்கித் தின்றது. மிரண்டதாகவே தெரியவில்லை. நான் வெயிலில் ஒவ்வொரு டிஸ்க்காகத் திருப்பிப் பார்த்துக்கொண்டு போனேன். வெயில் பட்டுப் பாதி டிஸ்க்கில் எழுத்தே அழிந்திருந்தது. புதுமனைப் புகுவிழா இல்லை. கடைசிக் குச்சிவரை போய்விட்டுத் திரும்பி வந்தேன்.

நங்கையா வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன கண்ணு தேடற?"

"எங்கூட்டுப் புதுமனை டிஸ்க்குங்க நங்கையா. கல்யாணத்துக்கு முன்னால பொண்ணு ஒருக்கா பாக்கோணும்னு ஆசப்படறா." பொய்தான். சொன்னேன்.

"அதா! அதப் போய் காட்டுலயா கட்டுவாங்க? வா, வா."

உள்ளே கூட்டிக்கொண்டு போனார். சாமி அலமாரியில், முருகன் படத்துக்குப் பக்கத்தில், அந்த டிஸ்க் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது. அந்தக் கால வீடியோக்காரர் டிஸ்க்கின் மேல் எங்கள் வீட்டுப் படத்தையும், அதற்கு மேலே ஒரு பிள்ளையாரையும் அச்சடித்துக் கொடுத்திருந்தார். பிள்ளையாரைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட நங்கையாவுக்கு மனசு வரவில்லை. குப்பையில் போடவும் பயம். அதனால் பூஜையில் வைத்துவிட்டார். பிள்ளையார் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் இருந்தன; வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பூ வேறு வைத்திருக்கிறார். தன் வீட்டுக்காரர் செய்தது அதற்குள் இருக்கிறது என்று தெரியாமல் கும்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"எடுத்துட்டுப் போ கண்ணு. பாத்துட்டு பத்தரமா வெய்யி. சாமி படம்" என்று தன் கையாலேயே எடுத்து, மஞ்சள் பையில் போட்டுக் கொடுத்தார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுப் போ என்றார். குடித்தேன். நான் எந்த வீட்டிலும் கை நனைக்காமல் போனவள் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் குங்குமத்தைத் துடைத்துவிட்டு, "போடுங்க" என்றேன். இவர் தட்டில் வைத்தார். "பாரு, தனித் துண்டா இருக்குது. நாந்தான் சொன்னேன்ல?" என்று அந்த நேரத்திலும் பெருமையாகக் காட்டினார். பந்தி ஓட ஆரம்பித்தது. பேச்சுச் சத்தம் கேட்கவில்லை, மேலே நாதஸ்வரத்தை ஏற்றியிருந்தார்கள். விளக்கு வருகிறது. ஒருவர் வாயைத் துண்டால் மறைக்கிறார். ஒரு குழந்தை அப்பளத்தைத் தூக்கிக் காட்டுகிறது. அடுத்த இலையில் என் அண்ணன்.

வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. இலையில் இனிப்பும் பச்சடியும் விழுந்திருந்தன. சோற்றுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். நங்கையாவின் வீட்டுக்காரர் பின்னாலிருந்து வந்து, தோளில் கை வைத்து, குனிந்து காதில் ஏதோ சொன்னார். அண்ணன் நிமிர்ந்தார். உடனே எழவில்லை. எதிரில் நின்ற யாரையோ பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். கேமராவும் அந்தப் பக்கம் திரும்பியது. அங்கே தண்ணீர் ஜக்கோடு நின்றுகொண்டிருந்தவர் என் வீட்டுக்காரர்.

அண்ணன் கண்ணில் இருந்தது எனக்குப் புரிந்தது. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க மாப்பிள்ள என்பதுதான். இவர் அண்ணனைப் பார்த்தார், பிறகு வாசலைப் பார்த்தார். வாசலில் இவருடைய கம்பெனி முதலாளி செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். இவர் ஜக்கைக் கீழே வைத்தார். நேராக வந்தார். அண்ணன் முழுதாக எழுந்து நிற்பதற்குள், இனிப்போடு சேர்த்து அந்த இலையைத் தன் கையாலேயே சுருட்டி எடுத்தார். புது இலை போட்டார். தண்ணீர் தெளித்தார். முதலாளியின் முதுகில் கை வைத்து உட்காரவைத்தார். என் அண்ணன், விளக்குக்கு மறைக்கக் கூடாது என்று ஒதுங்கி நின்று வழிவிட்டு, எல்லோரும் செய்வது போலக் கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டு, வெளியே போனார்.

நான் திரும்பவும் போடச் சொன்னேன். போட்டார். மறுபடியும் போடச் சொன்னேன். அவர் கை போகவில்லை.

"பந்திப் பக்கமே போகலைன்னு சொன்னீங்களே."

"மொதலாளி வந்துட்டாரு அம்மணி... அப்ப ஒண்ணும் தோணல."

"அப்பத் தோணல. பொறகு? அக்கா ஊரெல்லாம் சொல்லீட்டுத் திரிஞ்சாங்களே, அப்பவும் தோணலீங்களா? பக்கத்துல உக்காந்து கேட்டுட்டுத்தான இருந்தீங்க? வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க?"

"சொன்னா அக்காளுக்கும் மாமாவுக்கும் சண்டையாகும்... நாள் போகப் போகச் சொல்ல முடியாமப் போச்சு."

அக்கா வீட்டில் சண்டை வரக் கூடாதாம். என் வீட்டில் நான் வருஷக்கணக்காகத் தலைகுனிந்து நின்றது சண்டைக் கணக்கில் சேராது போலிருக்கிறது. அடச்சீ என்று வந்தது எனக்கு. நான் எதற்கு வெயிலில் சோளக்காட்டில் டிஸ்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்? எதற்கு நங்கையாவிடம் பொய் சொன்னேன்? கண்ணால் பார்த்தவர் என் வீட்டு ஹாலில் உட்கார்ந்து பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு டிஸ்க்கும் வேண்டியிருக்கவில்லை. அவர் வாயைத் திறந்தால் போதும்.

அவரை அப்படியே விட்டுவிட்டு அண்ணனுக்குப் போன் செய்தேன். "அண்ணா, பந்தி வீடியோ கெடைச்சிருச்சு. எல்லாம் இருக்குதுங்கண்ணா. உங்கள எந்திரிக்கச் சொன்னது இருக்குது. இனி ஒருத்தர் வாயத் தொறக்க முடியாது. நான் பாத்துட்டேன்."

தோப்பில் மோட்டார் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அப்ப மாப்பிள்ளையவும் பாத்துட்டியா அம்மணி?"

நான் திரும்பி நாற்காலியில் இருந்தவரைப் பார்த்தேன்.

"நீ பாக்க வேண்டாம்னுதான் நான் அந்த வீடியோவப் பத்திப் பேசவே இல்ல" என்றார். "எந்திரிக்கச் சொன்னவர வெளியாளுன்னு வெச்சுக்கலாம். எலைய எடுத்தவரு கூட நீ பொழைக்கோணுமே. அதச் சொல்லி உன்ர பொழப்பக் கெடுக்கவா?"

நான் கீழே உட்கார்ந்து அழுதேன். இரண்டு ஆண்கள் இத்தனை காலம் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஒருவர் தன் சௌகரியத்துக்கு. என் அண்ணன் எனக்காக. பொய்யன் என்ற பெயரையும் வாங்கிக்கொண்டு, தங்கை வீட்டு வாசலையும் விட்டுவிட்டு. பெட்டிக்காரர் நாற்காலியிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தேன்.

கொஞ்சம் கழித்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அந்தத் துண்டையும் ஏத்திப்போடட்டுமா அம்மணி?" என்று கேட்டார். எனக்குச் சத்தியமாக அடிக்கக் கை வந்தது.

"ஏத்த வேண்டாம். உங்க அக்காளுக்குப் போன் போடுங்க. வாயில சொல்லுங்க."

சொன்னார். என் முன்னாலேயே நின்று, "அக்கா, அன்னைக்கு மச்சான் எலைய எடுத்தது நாந்தான். மாமாதான் எந்திரிக்கச் சொன்னாரு. மச்சான் மேல ஒரு தப்பும் இல்ல" என்றார். நங்கையா மெதுவாக, "அம்மணிகிட்டக் குடு" என்றார். நான் வாங்கவில்லை. இன்னொரு நாள் பேசுகிறேன் என்று சொல்லச் சொன்னேன். அன்று எனக்கு மரியாதையாகப் பேச வராது என்று தெரியும்.

மறுநாள் காலையில் அவரை உடுமலைப்பேட்டை பஸ் ஏற்றி அனுப்பினேன். கூட வா என்று ஒரு பார்வை பார்த்தார். நான் போகவில்லை. மதியம் சாப்பாட்டு நேரத்துக்கு அங்கேயிருந்து போன் செய்தார். "மச்சான் தோப்புக்குப் போயிருக்காராம் அம்மணி. நங்கையா எலை போட்டு உக்காருங்கன்னு சொல்றாங்க. என்ன பண்ணட்டும்?" அண்ணன் சம்சாரத்தைத்தான் சொன்னார்.

"உக்காராதீங்க. எங்கண்ணன் வந்து உக்காருங்கன்னு சொல்ற வரைக்கும் நில்லுங்க."

நின்றார். மெய்யாகவே நின்றார் என்று அண்ணன் சம்சாரம் பிறகு சொன்னார்கள். போட்ட இலை வாடிப்போய் வேறு இலை போட வேண்டியிருந்ததாம். வெயில் சாய்கிற நேரத்தில் என் போன் மணி அடித்தது. எடுத்தால் அண்ணன். சாப்பிட்டுக்கொண்டே பேசுகிறார், பக்கத்தில் யாரோ ரசம் கேட்கிற குரல். இவர் குரல்தான்.

"அம்மணி, பொண்ணுக்கு மாமன் சேலை எடுக்கோணுமே. என்ன கலர்ல எடுக்கட்டும்?"